மண்டபம் கரையில் யூகலேலி விழா: வருகிற கலைஞர்களை வாசிக்க மட்டும் கூப்பிடாதீர்கள்

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவர். நண்பர்களோடு சேர்ந்து மண்டபம் பக்கம் இரண்டு நாள் யூகலேலி (கிடார் மாதிரியான நான்கு தந்திச் சின்ன வாத்தியம்) விழா நடத்த ஆசை. வெளியூரிலிருந்து நான்கைந்து கலைஞர்கள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். "சாயங்காலம் வாசிப்பார்கள், பகலில் கொஞ்சம் சொல்லிக்கொடுப்பார்கள். இதை எப்படிப் பிரிப்பது, எப்படிப்பட்டவர்களைக் கூப்பிடுவது, எந்த இடத்தில் வைப்பது, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைக்கும்?" என்பது கேள்வி.

தம்பி, முதலில் பகலைத் திட்டமிடுங்கள். சாயங்கால மேடை அதன் பின்னால் தானாக வந்துவிடும். நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். மேடை, விளக்கு, ஃப்ளெக்ஸ், சிறப்பு விருந்தினர் எல்லாம் முடிவான பிறகு "காலையில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்துக்கொள்ளலாம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. வேறு வாத்தியத்துக்கு அது ஒத்துவரலாம். யூகலேலிக்கு ஒத்துவராது. இந்த வாத்தியத்தின் விழாக்கள் பிறந்ததே வகுப்பிலிருந்துதான்.

நான் உச்சிப்புளிக்காரன். சிங்கப்பூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோது அங்குள்ள சமூக மன்றத்தில் சனிக்கிழமை மாலைகளில் இதைக் கற்றுக்கொண்டேன். அங்கேயும் மலேசியாவிலும் சில விழாக்களில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன், தொண்டனாக நாற்காலி தூக்கியிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் தோப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

இந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று விழாவில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அதனால் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹவாயின் ஹொனலூலுவில் வந்து நின்றது. போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புக்காட்டு வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த குடும்பங்கள் அதில் இருந்தன. (அதே 1879இல்தான் நம் நாட்டுக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் பிஜியில் போய் நின்றது.) அவர்களோடு மச்செட் என்ற நான்கு தந்திச் சிறு வாத்தியமும் வந்தது. மானுவல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்ட்டோ என்ற மூன்று தச்சர்கள் அந்தக் கப்பலில் வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலூலுவில் கடை போட்டு, ஹவாயில் வளரும் கோவா (koa) என்ற மரத்தில் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஹவாய் மன்னர் கலகவுவா அரண்மனை விருந்துகளில் அதற்கு இடம் கொடுத்தார். ஹவாய் மொழியில் 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் துள்ளுவது. விரல்கள் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசித்த பிறகு அமெரிக்கா முழுக்க அது பரவியது.

போர்ச்சுகீசியர் நம் கரைக்கும் புதியவர்கள் அல்ல. முத்துக்குளித்துறைக்கு அவர்கள் வந்தது 16ஆம் நூற்றாண்டில். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளையில் அவர்கள் காவல் இருந்தார்கள். அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் 1549இல் அங்கேதான் கொல்லப்பட்டார். அவர்கள் போன இடமெல்லாம் சின்னத் தந்தி வாத்தியமும் ஆட்டப் பாட்டும் தங்கிவிட்டன. இந்தோனேசியாவில் குரோஞ்சோங் என்ற இசையில் யூகலேலி மாதிரியான இரண்டு வாத்தியங்கள் மாறி மாறித் தட்டும். நமக்கு நேர் எதிரே இலங்கையில் பைலா. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பைலாத் தாளம் ரத்தத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டில், முழுப் பாட்டும் ஓடிவிடும். யூகலேலிக்கு அதைவிடப் பொருத்தமான தாளம் எனக்குத் தெரியாது. வருகிற கலைஞர்களிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

இப்போது விழாவுக்கு வருவோம். ஹொனலூலுவில் மாநகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்த ராய் சகுமா என்ற இளைஞர் 1971இல் வைகிகியின் கபியோலானி பூங்காவில் முதல் யூகலேலி விழாவை நடத்தினார். நுழைவுக் கட்டணம் கிடையாது. அவரே ஆசிரியர். அவரிடம் படித்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் மேடையேறி வாசிப்பதுதான் பிற்காலத்தில் அந்த விழாவின் அடையாளமே ஆனது. சகுமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் 'ஓத்தா-சான்' என்று உலகம் அறிந்த ஹெர்ப் ஓத்தா. ஓத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எடி கமாயே. தாளத்துக்கு மட்டும் தட்டிக்கொண்டிருந்த வாத்தியத்தில் மெட்டையும் கார்டையும் சேர்த்து வாசித்துக் காட்டிய முன்னோடி அவர். நாம் குருபரம்பரை என்று சொல்வோமே, அதுதான் இது. மேடையில் நின்றவர் ஒவ்வொருவரும் கீழே இறங்கி யாரோ ஒரு சிறுவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

கனடாவில் வேறு வழியில் இதே காரியம் நடந்தது. 1967இல் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளின் இசைக் கல்விக்குப் பொறுப்பேற்ற ஜே. சாமர்ஸ் டோன், வகுப்பறைக்குள் யூகலேலியைக் கொண்டுவந்தார். மலிவு, சின்னக் கைக்கு அடங்கும், பாடிக்கொண்டே வாசிக்கலாம், காதுக்குப் பயிற்சி. அந்த முறை நாடு முழுக்கப் பரவி, லாங்லி என்ற ஊரின் பள்ளித் திட்டத்தில் கற்ற ஜேம்ஸ் ஹில் இன்று உலக மேடைகளில் வாசிக்கிறார், போகிற இடமெல்லாம் வகுப்பும் எடுக்கிறார். ஹவாயின் ஜேக் ஷிமாபுகுரோவுக்கு முதல் பாடம் சொன்னது அவருடைய அம்மா; அப்போது அவருக்கு நான்கு வயது. இப்படிக் கற்றவர்கள் நிறைய இருப்பதால், நல்ல யூகலேலிக் கலைஞர்களில் பலருக்குச் சொல்லிக்கொடுப்பது இயல்பாகவே வரும். ஆனால் எல்லாருக்கும் வராது. அங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஒருமுறை வெளிநாட்டில் ஒரு விழாவில், முந்தின நாள் இரவு அசத்தலாக வாசித்த ஒருவரின் காலை வகுப்புக்கு ஆசையாகப் போனேன். 'ஆரம்ப நிலை' என்று போட்டிருந்தது. நாற்பது பேர். அவர் வந்தார், ஒரு துண்டை வேகமாக வாசித்தார், "இதில் மூன்று விரல் நுட்பம் இருக்கிறது" என்றார், மறுபடி வாசித்தார். எனக்கு முன் வரிசையில் வயதான ஓர் அம்மா கையில் இரவல் வாத்தியத்தோடு இருந்தார். அதில் ஒரு தந்தி இறங்கிப்போய் அபசுரமாகக் கத்திக்கொண்டிருந்தது. வகுப்பு முடிகிற வரைக்கும் அதை யாரும் சரிசெய்து கொடுக்கவில்லை. அவர் மடியில் வாத்தியத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் வரவில்லை. அந்த மடியும் கவிழ்ந்த வாத்தியமும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நம் விழாவில் அப்படி ஒருவர் கூடத் திரும்பிப் போகக் கூடாது.

ஆகையால் கலைஞரை முடிவு செய்யும் முன் அவர் மேடையில் வாசித்த வீடியோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போனில் பேசுங்கள். "வாத்தியத்தையே தொட்டிராத இருபது பேர் முன்னால் இருந்தால் முதல் பத்து நிமிஷம் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சுருதி சேர்ப்பதைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ பேச ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. தன் ஸ்டைலைப் பற்றிப் பேசினால், அவரைச் சாயங்காலம் மட்டும் வாசிக்க வையுங்கள். அதிலும் தப்பில்லை, அபாரமாக வாசிக்கிறவர்கள் பலருக்குப் பொறுமை இருக்காது. ஐந்து பேரில் மூன்று பேராவது பகல் மனுஷர்களாக இருக்கட்டும். இன்னொன்று, வகுப்புக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். வாசிப்புக்கு இவ்வளவு, ஒவ்வொரு வகுப்புக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். 'வந்ததே வந்தீர்கள், அப்படியே ஒரு வகுப்பும்' என்று சும்மா கேட்டால், வகுப்பும் அப்படியேதான் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் என்றால் விசா விஷயத்தை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து பணம் வாங்கிக்கொண்டு மேடையேறுவது முறையல்ல.

ஒரு நாளைக்கு ஒரு கலைஞர் இரண்டு வகுப்புக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒரு வகுப்பு ஒரு மணி நேரம். புதியவர்கள் வகுப்பில் 20 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். எல்லாரும் சேர்ந்து பாடித் தட்டுகிற கூட்டு அமர்வுக்கு மட்டும் கணக்கு வேண்டாம், எத்தனை பேர் வந்தாலும் நல்லது. அப்புறம், வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் சுருதி சேர்க்க மட்டும் உங்கள் பாடகர் குழுப் பிள்ளைகள் மூன்று பேரைக் கிளிப் டியூனரோடு (வாத்தியத்தில் மாட்டிச் சுருதி பார்க்கும் சின்னக் கருவி) வாசலில் உட்கார வையுங்கள். இரவல் வாத்தியமோ சொந்த வாத்தியமோ, அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். விழாவில் இதற்கு மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்தால் கூடப் பாதிக் கிணறு தாண்டினீர்கள்.

சரி, முதல் வகுப்பில் என்ன நடக்க வேண்டும்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது.

யூகலேலியின் நான்கு தந்திகளும் வழக்கமாக ஜி, சி, ஈ, ஏ என்று சேர்க்கப்படும். மடியில் வைத்துப் பார்த்தால் மேலே இருப்பது ஜி. கிடாரில் மேல் தந்தி தடிமனாக, தாழ்ந்த சுரமாக இருக்கும். இதில் அப்படி இல்லை, மேல் தந்தி மெல்லியது, சுரமும் உயர்ந்தது. இரண்டாவதாக இருக்கும் சிதான் நான்கிலும் தாழ்ந்தது. இப்போது சியை ஷட்ஜமமாக, அதாவது ஒரு கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். ஈ அந்தர காந்தாரம். ஜி பஞ்சமம். ஏ சதுஸ்ருதி தைவதம். ச, க, ப, த. விரலே வைக்காமல் மோகன ராகத்தின் ஐந்து சுரத்தில் நான்கு கையில் இருக்கிறது! மிச்சம் ரிஷபம் மட்டும். அது சி தந்தியில் இரண்டாவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரியும் கட்டம்). மேல் ஷட்ஜமம் ஏ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட். ஆக இரண்டே இடத்தில் விரல் வைத்தால் மோகன ஆரோகணம் முழுதாக வந்துவிடுகிறது. இதை நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பழந்தமிழ் இசையில் முல்லைத் தீம்பாணி என்று சொல்லப்படுவது இன்றைய மோகனமே என்று இசை ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நம் காதுக்கு அது எவ்வளவு பழையது பாருங்கள்.

இன்னும் ஒன்று. ஏ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் விரல் வைத்து நான்கு தந்தியையும் சேர்த்துத் தட்டினால் அதுதான் சி மேஜர் கார்டு. பிள்ளை மேல் ஷட்ஜமத்துக்கு வைத்த அதே விரல்! ஜி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் மட்டும் வைத்தால் ஏ மைனர். அந்த விரலை எடுக்காமல் ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இன்னொன்று சேர்த்தால் எஃப். மூன்று கார்டு, மொத்தமே மூன்று விரல் வைப்பு. இதற்குள் அடங்குகிற பாட்டுகள் ஏராளம். வெளியூர்க் கலைஞர்களுக்கு மோகனம் தெரியாமல் இருக்கலாம். விழாவுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்து இதைக் கேட்டு முகம் மலராத ஆசிரியர் இல்லை. ஆனால் வீணை மாதிரி கமகம் இதில் எதிர்பார்க்காதீர்கள். நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். விரலைச் சறுக்கி ஓரளவு ஜாரு காட்டலாம், அதற்கு மேல் போகாது. கர்நாடக உருப்படிகளை இதில் இழுத்துக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டுப் பாட்டும் கூட்டுப் பாட்டும்தான் இதன் வீடு.

கூட்டுப் பாட்டு என்றதும் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் எனக்குச் சொல்லிக்கொடுத்த சீன ஆசிரியை இரண்டு வருஷம் முன்பு ராமேஸ்வரம் பார்க்க வந்து எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினார். மேடைகளில் பெயர் பெற்றவர். தோப்பில் பிள்ளைகள் 14 பேர். கட்டைவிரலால் கீழே, சுட்டுவிரலால் மேலே என்று தட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கை இறுகிப்போய் மேலேயும் கீழேயும் ஒரே அழுத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு மாமா, நாற்பது வருஷம் கரைவலை இழுத்தவர், பனை நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏலே, கயிறு இழுக்குறாப்புல இழுங்கடா. இழுக்கையிலதான் பாரம். கை திரும்பி வரையில சும்மா வரணும். போறதுக்கும் வாறதுக்கும் ஒரே பாரமா போட்டா மத்தியானத்துக்குள்ள செத்துப்போவ."

சொல்லிவிட்டு வெறுங்கையால் காற்றில் இழுத்துக் காட்டி "ஏலேலோ" என்றார். பிள்ளைகள் தாங்களாகவே "ஐலசா" என்றார்கள். 'ஏலேலோ'வில் கை கனமாக இறங்கியது, அடுத்ததில் லேசாக ஏறியது. மாமா சொன்னதை ஆசிரியைக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆசிரியை தன் யூகலேலியை மடியில் வைத்துவிட்டு மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரை இன்னொரு முறை பாடச் சொன்னார், இன்னொரு முறை. சி, ஏ மைனர், எஃப் மூன்றையும் அதற்குள் பொருத்தினார். அரை மணி நேரத்தில் 14 பிள்ளைகளும் ஒரே இழுப்பாகத் தட்டிக்கொண்டு அம்பா (வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு) பாடினார்கள். அன்று மாலை அவர் வாசித்த கச்சேரியில் முதல் உருப்படி அதுதான். தன் ஊருக்குப் போய் அதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதாகப் பிறகு எழுதியிருந்தார். யார் கற்றுக்கொடுத்தார், யார் கற்றுக்கொண்டார் என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த அரை மணி நேரம் உங்கள் விழாவிலும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அது தானாக வராது. நேரம் ஒதுக்க வேண்டும். முதல் நாள் காலையில் வகுப்புகளுக்கு முன்னால் வருகிற கலைஞர்களை உட்கார வைத்து, நம் ஆட்களைப் பாட விடுங்கள். கரைவலைக்காரர்களின் அம்பா, கீழக்கரைப் பக்கம் தப்ஸ் என்ற தோல் கருவி அடித்துப் பாடுகிறவர்கள், உங்கள் கோயில் பாடகர் குழு, பாசி எடுக்கப் போகிற அக்காமார் பாடுகிற பாட்டு. ஒரு மணி நேரம் போதும். பிறகு ஒவ்வொரு கலைஞரும் அதில் ஒன்றைத் தன் வகுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். பாசி எடுக்கிற அக்காமாரை வகுப்புக்கும் கூப்பிடுங்கள். பாறையில் கை கிழியாமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்குகிற கைகள் அவை. அவர்களுக்குச் சோப்ரானோ என்ற 21 அங்குலச் சின்ன யூகலேலியைக் கொடுக்காதீர்கள். 23 அங்குலக் கான்சர்ட், கை பெரிதென்றால் 26 அங்குல டெனர் கொடுங்கள். இடம் தாராளமாக இருக்கும், காய்த்த விரலுக்கும் தந்தி சிக்கும்.

தந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் கரையில் வாத்தியத்தைக் காப்பாற்றுவது தனிப் பாடம். உப்புக் காற்று, ஈரம், வெயில். முழு மரத்தில் செய்த விலை உயர்ந்த யூகலேலி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இரவல் கொடுக்க ஒட்டுப்பலகை வாத்தியங்களே போதும். பிளாஸ்டிக் வாத்தியத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். மரியோ மக்காஃபெரி 1949இல் பிளாஸ்டிக் யூகலேலி செய்து விற்று லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் சேர்த்தார். கடற்கரைக்கு அது நல்லதுதான். முறுக்காணி துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நிறுத்திய காருக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். நம் வெயிலில் பசை இளகி, தந்தி கட்டியிருக்கும் பாலக்கட்டை பெயர்ந்துவிடும்.

போன வருஷம் ஒரு பையனின் ஏ தந்தி அறுந்துபோனது. புதுத் தந்தி மதுரையிலிருந்துதான் வர வேண்டும். மறுநாள் அவன் அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு சுருள் தூண்டில் நரம்பைக் கொண்டுவந்தான். யூகலேலிக்கு இன்று உலகம் முழுக்கப் பலர் விரும்பிப் போடுகிற ஃபுளோரோகார்பன் தந்தி, தூண்டிலில் முன் நரம்பாகக் கட்டுகிற அதே பொருள்தான். சாதாரணத் தங்கூஸ், அதாவது நைலான், ஈரத்தை உறிஞ்சும், இழுபடும், சுருதி நிற்க நாலைந்து நாளாகும். ஃபுளோரோகார்பன் தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, அடர்த்தியும் அதிகம், மெல்லிய இழையிலேயே கணீரென்று பேசும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்தில் ஏ, அதைவிடச் சற்றுத் தடிமனாக ஜி, 0.65 ஈ, 0.85 பக்கம் சி. அந்தப் பையன் கொண்டுவந்த நரம்பை அளந்து பார்த்தோம், 0.50 இருந்தது. கட்டினோம். இன்றும் அந்த வாத்தியத்தில் அதுதான் இருக்கிறது. யாழின் தந்தியைத் தமிழில் நரம்பு என்றார்கள், நம் கடைக்காரர் தூண்டில் இழையையும் நரம்பு என்கிறார். விழாவில் ஒரு மேசை போட்டு, வலை பொத்தத் தெரிந்த ஒருவரையும் ஒரு கலைஞரையும் சேர்த்து உட்கார வைத்து, தந்தி மாற்றக் கற்றுக்கொடுங்கள். முடிச்சுப் போடுவதில் நம் ஆட்களுக்கு அவர் கற்றுக்கொடுக்க ஒன்றும் இருக்காது.

இடமும் காலமும். ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, பொதுத் தேர்வுக்கும் கொஞ்சம் நாள் இருக்கும். தை அமாவாசை வாரத்தையும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். முன்னதில் ராமேஸ்வரத்தில் தங்க அறை கிடைக்காது, பின்னதில் உங்கள் ஊரே படகில் இருக்கும். அந்த மாதங்களில் வாடைக் காற்று வடகடல் பக்கம் அடிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். ஆகவே தென்கரைப் பக்கத் தோப்பாகப் பாருங்கள். யூகலேலி சத்தம் சின்னது, காற்றில் பறந்துவிடும். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டிச் சுவரோ ஓலைத் தட்டியோ கட்டி அதன் முன் வகுப்பை வையுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். தென்னந்தோப்பு என்றால் ஒரு வாரம் முன்பே காயும் காய்ந்த மட்டையும் வெட்டி இறக்கிவிடுங்கள். இருபது பிள்ளைகள் கீழே உட்காரப் போகிறார்கள்.

தனுஷ்கோடி மணலில் வைத்தால் படத்துக்கு அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். இருட்டியபின் அங்கே ஆட்களை இருக்க விடுவதில்லை. அதோடு அந்த மாதங்களில்தான் கடலாமை முட்டையிடக் கரையேறும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற கரையில் நாம் விளக்குப் போட்டுக் கச்சேரி நடத்துவது நியாயமில்லை. எந்தக் கரையானாலும் மணலில் மேடை போடாமல் தோப்புக்குள் தள்ளிப் போடுங்கள், இருட்டும் முன் முடித்துவிடுங்கள். நான்கு மணிக்குத் தொடங்கினால் முடியும். காவல் நிலையத்திலும் ஊராட்சியிலும் அனுமதி எழுதி வாங்கிவிடுங்கள். பாம்பன் கடல் ஓசை பண்பலையில் சொல்லச் சொல்லுங்கள், கடலில் இருக்கிறவர்கள் காதுக்கும் போய்ச் சேரும். வருகிறவர்களுக்குக் கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு வாங்கி வையுங்கள். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் தொடோல் என்ற பெயரில் அதே பண்டம் இருக்கிறது, அங்கிருந்து யாராவது வந்தால் ஆச்சரியப்படுவார்கள்.

சாயங்காலக் கச்சேரியில் பிள்ளைகளைக் கடைசியில் வைத்து, அவர்கள் ஏறும்போது கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கிற நிலையை உண்டாக்காதீர்கள். அவர்கள்தான் முதலில். அன்று காலை கற்ற மூன்று கார்டில் ஒரே ஒரு பாட்டு, பின்னால் அந்தந்த வகுப்பு எடுத்த கலைஞர் நின்று கூட வாசிக்கட்டும். நடுவில் கலைஞர்களின் தனி வாசிப்பு, ஆளுக்கு 20 நிமிஷம். அதைப் பிள்ளைகள் வேறு காதோடு கேட்பார்கள். காலையில் தன் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து வைத்தவர் இப்போது அந்த விரலால் என்ன செய்கிறார் என்று பார்க்கிற கண்ணை நான் கண்டிருக்கிறேன். கடைசியில் எல்லாரும் சேர்ந்து அம்பா.

'நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்' என்று கேட்டீர்கள் அல்லவா? இரண்டு நாளில் கிடைப்பது கொஞ்சம்தான். மூன்றாவது நாள் அவர்கள் கையில் வாத்தியம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது மிச்சம். விழாச் செலவில் ஒரு பங்கை எடுத்து 20 வாத்தியம் வாங்கி, விழா முடிந்ததும் உங்கள் கோயில் மண்டபத்திலோ ஒரு பள்ளியிலோ விட்டுவிடுங்கள். சிறப்பு விருந்தினர் சால்வையையும் ஃப்ளெக்ஸையும் குறைத்தாலே பாதிப் பணம் வந்துவிடும். அடுத்த ஞாயிறே வகுப்பு தொடங்க வேண்டும், ஒரு வாரம் கூட விடக் கூடாது. உங்கள் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு வாரப் பழக்கம்தான். கிடாரின் கீழ் நான்கு தந்தியை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தால் வருகிற சுரங்கள்தான் இவை, ஜி மட்டும் ஒரு ஸ்தாயி மேலே. அவர்களில் இரண்டு பேரை இப்போதே தயார் செய்யுங்கள். வருகிற கலைஞர்களின் வகுப்பில் அவர்கள் உதவியாளர்களாக உட்காரட்டும். கற்பிக்கிற முறையை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள்.

என்னிடம் 11 வாத்தியங்கள் இருக்கின்றன. ஆறு கான்சர்ட், ஐந்து சோப்ரானோ. விழாவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் சொன்னால் எல்லாவற்றுக்கும் புது நரம்பு கட்டி வைக்கிறேன். கரைவலை மாமாவிடமும் பேசிவிட்டேன், காலை ஏழு மணிக்குள் என்றால் வருகிறேன் என்கிறார்.